டைமிங் பெல்ட் அறுந்தால் இன்ஜினே போச்சா? ‘ஹெட்டை இறக்கணும்’ என்றதும் ஓகே சொல்லும் முன் தெரிய வேண்டியவை

ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிட்டு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மதியம் போன் வருகிறது. "டைமிங் பெல்ட் அறுந்துடுச்சு சார். வால்வு எல்லாம் அடி வாங்கியிருக்கும். ஹெட்டை இறக்கணும். ஓகேவா?"

இந்த ‘ஓகேவா’வுக்கு என்ன பதில் சொல்வது? பெல்ட் கிட் சில ஆயிரம் ரூபாய் சமாசாரம். ஹெட்டை இறக்கி வால்வு மாற்றுவது அதைப் போல பல மடங்கு. இன்ஜினையே மாற்றுவது என்றால், பழைய காராக இருந்தால் காரின் விலையில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். ஒரு மெக்கானிக் எதையும் சோதிக்காமல் மொத்த இன்ஜினையும் பிரிக்கச் சொல்வார். இன்னொருவர் புது பெல்ட் மட்டும் மாட்டி செல்ஃப் அடித்துப் பார்ப்பார். இரண்டிலும் நஷ்டம் உங்களுக்குத்தான். வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவையும் பார்த்துவிட்டு அடுத்ததற்கு அனுமதி கொடுப்பதுதான் சரியான வழி. அந்தக் கட்டங்கள் என்னென்ன என்று பார்ப்போம்.

பெல்ட் செய்யும் வேலை என்ன?

இன்ஜினின் கீழ்ப்பகுதியில் பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றுவது கிராங்க் ஷாஃப்ட். மேலே, ஹெட்டில், வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்தக் கணக்கு பிசகாமல் இரண்டையும் இணைப்பதுதான் டைமிங் பெல்ட். உள்ளே கண்ணாடி இழை வைத்த, பற்கள் உள்ள ரப்பர் பட்டை அது.

நிமிடத்துக்கு 2,000 சுற்று என்பது நெடுஞ்சாலையில் சாதாரண வேகம். அப்போது கிராங்க் ஒரு வினாடிக்கு 33 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு வால்வும் வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 முறை திறந்து மூடுகிறது. பெல்ட் அறுந்தால் வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தால் கேம் சட்டென்று நின்றுவிடும். கிராங்க் நிற்காது. சக்கரங்கள் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். கேம் நின்ற இடத்தில் எந்த வால்வு திறந்து கிடக்கிறதோ, அதன்மேல் மேலேறி வரும் பிஸ்டன் மோதும்.

எல்லா இன்ஜினிலும் இப்படி மோதாது. வால்வு முழுதாகத் திறந்திருந்தாலும் பிஸ்டனுக்கு இடம் விட்டு வடிவமைத்த சில பழைய பெட்ரோல் இன்ஜின்கள் உண்டு. அவற்றில் புது பெல்ட் மாட்டினால் வண்டி ஓடிவிடும். டீசலில் அந்தப் பேச்சே கிடையாது. காற்றை மிக அதிகமாக அழுத்த வேண்டும் என்பதால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். எனவே உங்கள் கார் டீசல் என்றால், சேதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே சோதனையைத் தொடங்குங்க.

உங்கள் காரில் பெல்ட்டா, செயினா?

இந்தியச் சாலைகளில் பெல்ட் உள்ளவை: ரெனோ டஸ்டர், நிஸான் டெரானோ, மஹிந்திரா வெரிட்டோ ஆகியவற்றின் 1.5 டீசல், ஃபோக்ஸ்வாகன் போலோ 1.5 டீசல், ஃபோர்டு ஃபிகோவிலும் எக்கோஸ்போர்ட்டிலும் வந்த 1.5 டீசல், பழைய இன்னோவா 2.5 டீசல், பழைய சான்ட்ரோ, 800 சிசி ஆல்டோ. இப்போது விற்பனையில் உள்ள ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களின் 1.0 டர்போ பெட்ரோலிலும் பெல்ட்தான். ஸ்விஃப்ட்டில் வந்த 1.3 டீசலிலும் இன்னோவா கிரிஸ்டா 2.4 டீசலிலும் இருப்பது செயின். அந்த காரை வைத்திருப்பவரிடம் ‘பெல்ட் மாத்தணும்’ என்று யாராவது சொன்னால், வெளியே ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டைச் சொல்கிறாரா என்று கேளுங்க. இரண்டும் வேறு வேறு.

நின்றவுடன் செய்யக்கூடாதது

ஓடும்போதே இன்ஜின் அணைந்தால் உடனே கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வாங்க. முதல் அடி ஏற்கனவே விழுந்திருக்கும். கியரில் உருண்டால் அதே வால்வு திரும்பத் திரும்ப அடி வாங்கும். பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். பிரேக்குக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு உதவி இருக்காது. அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்க.

பிறகு ஒரே ஒரு அறிகுறியைக் கவனித்தால் போதும். சாதாரணமாக செல்ஃப் அடிக்கும்போது ‘கிர்… கிர்… கிர்…’ என்று ஏற்ற இறக்கம் கேட்கும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது வரும் சுமை அது. பெல்ட் அறுந்திருந்தால் சுமை இருக்காது. ‘விர்ர்ர்’ என்று ஒரே சீராக, வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும். அந்தச் சத்தம் கேட்டால் சாவியை விட்டுவிடுங்க. மறுபடி அடிக்காதீங்க. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்று உதவிக்கு வருபவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்க. இன்னொரு காரில் கயிறு கட்டி இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் நியூட்ரலில் மட்டும்.

பெல்ட் அறுபடாமல், ஓரிரு பல் மட்டும் நழுவுவதும் நடக்கும். கிராங்க் பல்சக்கரத்தில் 20 பற்கள் என்றால், ஒரு பல் நழுவினாலே கிராங்க் கணக்கில் 18 டிகிரி பிசகு. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுக்காது, உதறும். ஸ்கேனரில் பி0016 என்ற கோடு வரலாம். கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். சென்சார் மாற்றினால் சரியாகிவிடும் என்று முடிவு செய்வதற்கு முன் டைமிங் கவரைத் திறந்து மார்க் பார்க்கச் சொல்லுங்க. ஓடுகிறதே என்று வீடு வரை ஓட்டிப் போவது இருக்கும் நல்ல வால்வையும் பந்தயம் கட்டுவது.

ஹெட்டைக் கழற்றாமலே எவ்வளவு தெரியும்?

நிறைய தெரியும். போனில் பேசும்போது பலரும் தாண்டிப் போகும் கட்டம் இதுதான். உங்கள் பணத்தைக் காப்பாற்றும் கட்டமும் இதுதான்.

முதலில் மேல் கவரைத் திறந்து பெல்ட்டைப் பார்ப்பார்கள். அறுந்திருக்கலாம், பற்கள் மட்டும் உரிந்திருக்கலாம், டென்ஷனர் கழன்று பெல்ட் நழுவியிருக்கலாம். அதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

அடுத்து, கிராங்கைக் கையால் திருப்பி நான்கு பிஸ்டன்களும் சிலிண்டரின் நடுப்பகுதியில் நிற்கும்படி வைப்பார்கள். அப்போதுதான் கேமைச் சுற்றினாலும் எதுவும் மோதாது. பிறகு கேமை அதன் மார்க்குக்கும், கிராங்கை அதன் மார்க்குக்கும் கொண்டுவந்து, தற்காலிகமாக ஒரு பெல்ட் மாட்டி, ஸ்பானரால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுவார்கள். நடுவில் எங்காவது கெட்டியாகத் தட்டி நின்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். உள்ளே ஏதோ பிஸ்டனைத் தொடுகிறது. ஹெட்டை இறக்க அதுவே போதுமான காரணம்.

தடங்கலில்லாமல் சுற்றினாலும் வேலை முடியவில்லை. மூடாத அளவுக்குக் கொஞ்சமாக வளைந்த வால்வு இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதற்கு லீக் டெஸ்ட். ஒரு சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை உச்சியில் வைத்து, கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டுக் கேட்பார்கள். ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் துளையில் வந்தால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது விரிசல். காதும் ஒரு கம்ப்ரஸரும் இருந்தால் நடக்கக்கூடிய சோதனை இது. பல லட்ச ரூபாய் ஸ்கேனர் இதைச் சொல்லாது.

டஸ்டரின் 1.5 டீசல் போல, வால்வு இடைவெளியை அளந்து சரிசெய்யும் இன்ஜின்களில் இன்னொரு வழியும் உண்டு. வால்வு மூடியிருக்க வேண்டிய நிலையில், கேமுக்கும் அதன் கீழுள்ள டாப்பெட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டு அளப்பார்கள். வளைந்த வால்வு முழுதாக மேலே ஏறாது. அதனால் அந்த ஒன்றில் மட்டும் இடைவெளி பெரிதாகக் காட்டும். எத்தனையாவது வால்வு வளைந்தது என்பதுகூட எண்ணாகக் கையில் கிடைக்கும். அந்த எண்களை எழுதி வாங்கிக்கோங்க.

கம்ப்ரஷன் டெஸ்ட்டும் எடுக்கலாம். டீசலுக்குத் தனி கேஜ் வேண்டும். பெட்ரோல் கேஜின் அளவு போதாது. இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக் துளை வழியாகச் சின்ன கேமரா விட்டுப் பார்த்தால், பிஸ்டன் தலையில் பிறை வடிவ அடித் தழும்பு இருக்கிறதா என்றும் தெரியும்.

இவை எல்லாம் நல்லபடியாக வந்தால் ஹெட்டை இறக்கத் தேவையில்லை. ஐட்லிங்கிலோ ஸ்டார்ட் செய்யும்போதோ அறுந்த சில இன்ஜின்கள் இப்படித் தப்பிக்கும். அப்போது புது பெல்ட் கிட்டோடு வேலை முடிந்தது.

ஹெட் இறங்கிய பிறகு

வளைந்த வால்வுகளை மட்டும் மாற்றினால் போதுமா, எல்லாவற்றையுமா? எட்டு வால்வு இன்ஜின் என்றால் எட்டையும் மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து. ஹெட்டை இறக்கி ஏற்றும் கூலிக்கு முன்னால் மிச்ச வால்வுகளின் விலை சிறியது. பதினாறு என்றால் ஒவ்வொன்றையும் சோதித்துவிட்டு முடிவு செய்யலாம்.

வால்வு வளைந்தால் அது சறுக்கும் கைடும், உட்காரும் சீட்டும் பாதிக்கப்பட்டிருக்கும். ஹெட் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். அங்கே கைடு பார்த்து, சீட் கட்டிங் செய்து, ஹெட் சமதளமாக இருக்கிறதா என்று அளந்து, அழுத்தம் கொடுத்து விரிசல் பார்ப்பார்கள். கேம் ஷாஃப்ட்டும் அதைப் பிடித்திருக்கும் மூடிகளும் உடைந்திருக்கலாம் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்க.

கீழே பிளாக்கில் பிஸ்டனைப் பார்க்க வேண்டும். லேசான தழும்பு என்றால் பிரச்சினை இல்லை. ஆழமான குழி, விரிசல் என்றால் மாற்றித்தான் ஆகணும். இதில் எளிதில் விட்டுப்போகும் ஒரு அளவு உண்டு. ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, அது பிளாக்கின் மேல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று டயல் கேஜால் அளப்பது. மூன்று பிஸ்டன் ஒரே உயரம், ஒன்று மட்டும் தாழ்வு என்றால் அதன் கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் மூடினால் சில மாதத்தில் மறுபடி அதே ஒர்க்‌ஷாப். அதே அளவை வைத்துத்தான் பல டீசல்களில் எந்தத் தடிமன் ஹெட் கேஸ்கெட் என்றும் முடிவாகிறது. ஆக, அளக்காமல் கேஸ்கெட் வாங்கினார்கள் என்றால் ஒரு படியைத் தாண்டிவிட்டார்கள்.

பல நவீன இன்ஜின்களில் ஹெட் போல்ட்டுகளை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். முறுக்கும்போது அவை நீளும்படி வடிவமைக்கப்பட்டவை. பில்லில் புது போல்ட் செட் இருக்கிறதா பாருங்க.

ஏன் அறுந்தது?

பெல்ட் தானாக வயதாகி அறுவதும் உண்டு, வேறொன்று அதைக் கொல்வதும் உண்டு. இரண்டாவது என்றால், காரணத்தைச் சரிசெய்யாமல் மாட்டிய புது பெல்ட்டும் அதே வழியில் போகும். எனவே அறுந்த பெல்ட்டைக் குப்பையில் போட விடாதீங்க. கேட்டு வாங்குங்க.

எண்ணெயில் ஊறி உப்பியிருந்தால் கேம் அல்லது கிராங்க் ஆயில் சீல் கசிகிறது. குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் பற்கள் மொத்தமாக உரிந்திருந்தால் வாட்டர் பம்போ வேறொரு சக்கரமோ இறுகியிருக்கலாம். ஒரு ஓரம் மட்டும் நார் நாராக இருந்தால் ஏதோ ஒரு புல்லி சாய்ந்து ஓடியிருக்கிறது. கத்தியால் வெட்டியதுபோல நேராக அறுந்திருந்தால், மாட்டுவதற்கு முன் பெல்ட்டை யாரோ மடித்திருக்கலாம். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மடித்தால் வெளியே தெரியாமல் உடையும்.

டஸ்டர் குடும்ப இன்ஜினுக்கு இன்னொரு கதை உண்டு. வெளியே இருக்கும் ஆல்டர்னேட்டர் பெல்ட் பிய்ந்து, அதன் நார் கிராங்க் புல்லிக்குப் பின்னால் நுழைந்து டைமிங் பெல்ட்டைக் கழற்றிவிடும். வெளி பெல்ட்டும் கிழிந்திருந்தால் மெக்கானிக்கிடம் இதைச் சொல்லுங்க.

எக்கோஸ்போர்ட்டில் வந்த 1.0 எக்கோபூஸ்ட் பெட்ரோலில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். அது சிதைந்தால் துகள்கள் ஆயில் சம்ப்பில் இறங்கி வடிகட்டியை அடைக்கும். அங்கே பெல்ட்டோடு சம்ப்பையும் கழற்றிச் சுத்தம் செய்வது வேலையின் பாதி.

திரும்ப மாட்டும்போது

கிட் என்றால் பெல்ட், டென்ஷனர், ஐட்லர். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடினால் அதையும் சேர்த்து மாற்றுங்க. டஸ்டர் டீசலில் அப்படித்தான். பம்ப் பின்னால் கெட்டுப்போனால் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: "லாக்கிங் டூல் இருக்கா அண்ணா?" வழக்கமான பெல்ட் மாற்றத்தில், பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் சக்கரங்களில் ஒயிட்னரால் கோடு போட்டு, அதே இடத்தில் புதியதை மாட்டுவது பலரின் பழக்கம். கவனமாகச் செய்தால் அது ஓடும். அறுந்த பெல்ட்டில் அந்த வழியே கிடையாது. கேமும் கிராங்கும் ஏற்கனவே வெவ்வேறு இடத்தில் நிற்பதால் நீங்கள் போடும் கோட்டுக்கு எந்த அர்த்தமும் இல்லை. கம்பெனி மார்க், அதைப் பிடித்து நிறுத்தும் பின், இந்த இரண்டும் வேண்டும். வெளி மெக்கானிக்கா, கம்பெனி சர்வீஸா என்ற விவாதத்தைவிட இந்தக் கேள்விக்கு வரும் பதில் முக்கியம்.

மாட்டியபின் கையால் இரண்டு சுற்று, மறுபடி மார்க் சரிபார்ப்பு, புது ஆயில், புது ஃபில்டர், கூலன்ட், அதற்குப் பிறகுதான் சாவி.

‘வேற இன்ஜின் போட்டுடலாம் சார்’ என்ற யோசனையும் வரும். டெல்லி மாயாபுரி, சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் பழைய இன்ஜின் கிடைக்கும். ராடும் பிளாக்கும் போய்விட்டால் அதைப் பரிசீலிக்கலாம். ஆனால் உங்கள் ஆர்.சி.யில் இருப்பது பழைய இன்ஜின் எண். ஆர்.டி.ஓ.வில் மாற்றிப் பதியாவிட்டால் விற்பனையிலும் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கும். வரும் இன்ஜினின் பெல்ட் எப்போது மாற்றியது என்பதும் தெரியாது. காரில் ஏற்றும் முன்பே அதற்குப் புது கிட் போடுங்க.

செலவை யார் ஏற்பது?

இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். வழக்கமான கார் பாலிசியில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் விலக்கப்பட்டவை. ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் கவரும் பெரும்பாலும் தண்ணீர் புகுந்தது, ஆயில் கசிந்தது போன்றவற்றுக்குத்தான். வாரன்டி அல்லது எக்ஸ்டெண்டட் வாரன்டி இருந்தால், பெல்ட்டைச் சொன்ன நேரத்தில் மாற்றினீர்களா என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

சமீபத்தில் பெல்ட் மாற்றிய ஒர்க்‌ஷாப்பின் வேலையால் அறுந்தது என்றால் நிலைமை வேறு. அது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தொடங்கலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஆனால் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் வழக்கு. பாகங்களின் எண்ணோடு பில், தேதி, கிலோமீட்டர், அறுந்த பெல்ட், சோதனை அளவுகள், போட்டோக்கள். ‘கார் சர்வீஸ்’ என்று ஒரே வரி எழுதிய துண்டுச் சீட்டு உதவாது. வண்டியை முழுதாகப் பிரித்து முடித்தபின் ஆதாரமும் போய்விடும் என்பதால், சந்தேகம் இருந்தால் பிரிக்கும் முன்பே வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில் தெரிவித்துவிடுங்க.

பழைய டீசல் வாங்கப் போகிறீர்களா?

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது ரெனோ, நிஸான், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா நிறுவனங்கள் இந்தியாவில் டீசல் கார்களை நிறுத்தின. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இதன் பொருள்: இன்று செகண்ட் ஹேண்டில் வரும் டஸ்டர் டீசலோ போலோ டீசலோ, மிக இளையதாக இருந்தாலும் ஐந்து வயதைத் தாண்டியது. பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கெடு, ஆண்டுக் கெடு என இரண்டு உண்டு. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ‘டாக்டர் ஓட்டின வண்டி சார், 35 ஆயிரம்தான் ஓடியிருக்கு’ என்ற விளம்பரம் ரப்பரின் வயதைக் குறைக்காது. கெடு எவ்வளவு என்பதை அந்த மாடலின் ஓனர்ஸ் மேனுவலில் பாருங்க. யூடியூப் கமென்ட்டில் வேண்டாம்.

பழைய இன்னோவாவில் ‘டி-பெல்ட்’ என்று ஒரு விளக்கே இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது எண்ணுவது கிலோமீட்டரை. பெல்ட்டின் நிலைமை அதற்குத் தெரியாது. பெல்ட்டை மாற்றாமலே விளக்கை மட்டும் அணைத்துவிடவும் முடியும்.

அதனால் விற்பவரிடம் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்க. பில்லில் டென்ஷனரும் சேர்ந்து இருக்கிறதா, தேதிக்கும் கிலோமீட்டருக்கும் ஆர்.சி., சர்வீஸ் ரெக்கார்டோடு பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்க. ‘போன வருஷம்தான் மாத்தினோம், பில் எங்கேயோ இருக்கு’ என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு கிட், வாட்டர் பம்ப், கூலி மூன்றுக்கும் ஒரு எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையைக் காரின் விலையில் கழித்துப் பேசுங்க. வாங்கிய வாரமே அந்த வேலையைச் செய்து, பில்லை ஆர்.சி. வைக்கும் கவரிலேயே வைத்துவிடுங்க.